தெரியாது என்று சொல்ல வந்தவர்

பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் நான் முதன்முதலாக வாங்கியது அரைக் கிலோ மார்பிள் கேக். மறுநாள் காலை எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"டீச்சரே, பக்கத்து வீட்டில இருந்தாக்கும். கேக்கு தின்னியளா?"

"தின்னோம் சேச்சி. நல்லா இருந்துது."

"அதுக்கில்ல. ஒண்ணும் இல்லியே?"

"என்னது?"

"வயித்துக்கு. உங்களுக்கு, பிள்ளைக்கு. ஒண்ணும் இல்லியே?"

"இல்லியே."

"அப்பம் சரி. வைக்கட்டா?"

அவர் வைத்துவிட்டார். என்னால் அந்தப் பீரியடை ஒழுங்காக முடிக்க முடியவில்லை. பாதியில் வெளியே வந்து, நாலு வயது மகளை விட்டிருந்த அங்கன்வாடிக்கு போன் செய்து, பிள்ளைக்கு வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மணலில் விளையாடிக்கொண்டிருக்கிறாள், என்ன விஷயம் என்றார்கள். என்ன விஷயம் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. சேச்சி அப்படித்தான். தன் பயத்தை அவர் ஒருபோதும் தனியாக வைத்துக்கொண்டதில்லை.

நான் நாகர்கோவில்காரி. பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் வேலை கிடைத்து, குன்னத்துகால் போகும் சாலையில் ஒரு மாடி வீடு வாடகைக்கு எடுத்திருந்தேன். கணவருக்கு மதுரையில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு ரயிலில் திரும்பிவிடுவார். மூன்று வருடம் அங்கே இருந்தோம். எனக்கும் சேச்சிக்கும் நடுவில் இடுப்பளவு மதில் ஒன்றுதான்.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. பேசும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டார். நமக்குப் பின்னால் எங்கேயோ ஒரு அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டது போல, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

கேக் வேலை தொடங்குமுன் இரண்டு வளையல், ஒரு மோதிரம், கம்மல் இரண்டு, அதன் திருகாணி இரண்டு, எல்லாவற்றையும் கழற்றி ஒரு டம்ளரில் போட்டு எண்ணுவார். வேலை முடிந்ததும் மறுபடி எண்ணுவார். தலையில் பிளாஸ்டிக் தொப்பி. முட்டையை நேராக மாவில் உடைக்கமாட்டார். ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்து, மூக்கருகே கொண்டுபோய், பிறகுதான் சேர்ப்பார். பாத்திரத்தின் விளிம்பை ஆள்காட்டி விரலால் ஒரு சுற்று தடவிப் பார்ப்பார். ஒவ்வொரு கேக்கோடும் அதே மாவில் ஒரு சின்ன டம்ளர் கேக்கும் வேகும். அதற்கு அவர் வைத்த பெயர் சாட்சி. சாட்சியை அவரே தின்றுவிட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தபிறகுதான் பெரிய கேக் வாசலைத் தாண்டும்.

இவ்வளவு பயந்து செய்த கேக் எப்படி அவ்வளவு மெத்தென்று இருந்தது என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. டிசம்பரில் பிளம் கேக்குக்காக அவர் சர்க்கரையைக் கருக்கும் மணம் சாலைவரைக்கும் வரும். பைக்கில் போகிறவர்கள் அந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவருக்கு வழிக்கு என்று ஆறு கிரீம் பன் கொடுத்துவிட்டார். கணவர் பாறசாலை ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போய்விட்டார். சேச்சி என் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரே, மதுரை எத்தற மணிக்கு சேரும்? அதுவரைக்கும் கிரீம் நிக்குமா?"

"அவர் இப்பமே தின்னிருப்பார் சேச்சி. ஒண்ணும் ஆகாது."

சேச்சிக்கு அது போதவில்லை. ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். நகரத் தொடங்கிய ரயிலோடு பிளாட்பாரத்தில் நடந்துகொண்டே, "ஆறு மணிக்குள்ள தின்னணும்! இல்லேண்ணா களஞ்சிரணும்!" என்று ஒரு பெண் தன்னைப் பார்த்துக் கத்தியதாகவும், பெட்டியிலிருந்த அத்தனை பேரும் தன் மடியிலிருந்த டப்பாவையே பார்த்ததாகவும் கணவர் போனில் சொன்னார். இருவரும் சிரித்தோம். ஆனால் அவர் பன்னைத் தின்னவில்லை. திண்டுக்கல் தாண்டி எறிந்துவிட்டாராம். நிஜத்தில் அவர் இறங்க வேண்டிய ஊர் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். அவர் எங்கே எறிந்தார் என்பதைக்கூட என்னிடம் சரியாகச் சொல்லாத அளவுக்கு வெட்கப்பட்டிருந்தார்.

சேச்சி முன்பு நர்ஸாக இருந்தவர். பதினோரு வருடம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அங்கே ஏதோ நடந்திருக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் நேராகவே கேட்டேன்.

"ஒரு தப்பும் நான் செய்யல்ல டீச்சரே. பதினோரு வருஷத்தில ஒண்ணுகூட. அதாக்கும் கஷ்டம்."

"தப்பு செய்யாதது கஷ்டமா?"

"செய்திருந்தா அது எப்பிடி இருக்கும்ணு தெரிஞ்சிருக்குமே. இப்பம் அது இனி வாறதுக்கு கெடக்கு."

டியூட்டி முடிந்து பஸ் ஏறியவர், பாதி வழியில் இறங்கித் திரும்பிப் போய் மருந்து ஏறுகிறதா என்று பார்ப்பாராம். மூன்றாவது தடவை இறங்கிய அன்று, அடுத்த பஸ்ஸுக்காக மழையில் நின்றபோது, இனி முடியாது என்று தோன்றியதாம். வீட்டிலிருந்து செய்கிற வேலை என்றால் திரும்பிப் போக வேண்டியதில்லையே என்றுதான் கேக்கில் இறங்கினார். அது எப்படி நடந்தது என்றுதான் சொன்னேனே.

அவருடைய கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அதிகம் பேசாதவர். ஒருநாள் என்னிடம், "இவளுக்க பேடிக்கு பிரேக் கிடையாது டீச்சரே. நானும் நோக்கியாச்சு" என்றார். பேடி என்றால் அங்கே பயம். அவர் விட்ட இடத்தை நான் எடுத்துக்கொண்டேன். மதிலுக்கு அப்புறத்திலிருந்து, "டீச்சரே, ஒண்ணும் ஆகாதில்லியா?" என்று குரல் வரும். எதைப் பற்றி என்றுகூடக் கேட்காமல், "ஒண்ணும் ஆகாது சேச்சி" என்பேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். நான் சொன்னால் அவர் முகம் கொஞ்சம் தளரும். நான் பயமில்லாதவள் என்று அவர் நம்பினார். எனக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

ஆனால் அந்த மூன்று வருடத்தில் நானும் மாறிக்கொண்டிருந்தேன். கேஸை மூடிவிட்டுப் படியிறங்கி, திரும்ப ஏறிப் பார்ப்பேன். மகள் கொஞ்சம் அதிகநேரம் தூங்கினால் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

என் பள்ளியில் கணக்கு டீச்சருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மூன்றடுக்குக் கேக் வேண்டும் என்றார். சேச்சியைக் கைகாட்டியது நான். அவ்வளவு பெரிய வேலை அதுவரை அவருக்கு வந்ததில்லை. "இருநூறு பேருக்கா? இருநூறு வயிறா?" என்று கேட்டுவிட்டு, நான் நாலு தடவை ஒண்ணும் ஆகாது என்று சொன்னபிறகு ஒப்புக்கொண்டார்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம், மகளுக்குக் குக்கரில் ஒரு கேக் செய்து பார்க்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது. சேச்சியின் கண்ணாடி மெஷரிங் கப்பை இரவல் வாங்கி வந்தேன். பாலை அளந்துவிட்டுக் கழுவும்போது அது குழாயில் இடித்தது. 'டிக்' என்று சின்ன சத்தம். விளிம்பில் அரை அரிசி அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. சிங்கில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. சில்லு தண்ணீரோடு போயிருக்கும் என்று முக்கால்வாசி நிச்சயம். ஈரத்தில் கப்பின் உட்புறத்தில் ஒட்டியிருக்கலாம் என்று கால்வாசி. இன்னொரு தடவை கழுவிக்கொண்டு போய்க் கொடுத்தேன். கரண்டு போயிருந்தது. பிரிட்ஜ் நின்றதில் கிரீம் உருகிவிடுமோ என்று அவர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தார். உடைந்ததைச் சொன்னால் மொத்த வேலையையும் நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை கேக்கை மண்டபத்துக்குக் கார் வந்து எடுத்துப் போனது. அரைமணி நேரத்தில் சேச்சி மதிலருகே நின்றார். கையில் கப்.

"டீச்சரே, இத பாருங்கோ. வெளும்பில ஒரு சில்லு போயிருக்கு."

"பழைய உடைப்பா இருக்கும் சேச்சி."

"இல்ல. நேத்து காலத்த நான் தடவிப் பாத்தேன், சரியா இருந்துது. அந்திக்கு கரண்டு போன அவசரத்தில தடவல்ல. அதிலயாக்கும் சர்க்கரைப் பாகு அளந்து மூணு அடுக்குக்கும் விட்டேன். தரையில நோக்கினேன், குப்பையில நோக்கினேன். சில்லு இல்ல."

அந்த ஒரு நிமிடத்தில் நான் சொல்லியிருக்கலாம். என் வீட்டுச் சிங்கில்தான் உடைந்தது என்றால் அடுத்த கேள்வி, 'சில்லைப் பாத்தியளா?' என்று வரும். நான் பார்க்கவில்லை. தவிர, கணக்கு டீச்சரின் முகம் கண்முன் வந்தது.

"சாட்சி தின்னியளே, அதில ஒண்ணும் இல்லியே?" என்றேன்.

"அது ஒரு டம்ளர்தானே."

"ஒண்ணும் ஆகாது சேச்சி. போய் உடுப்பு மாத்துங்கோ, நேரமாச்சு."

அவர் என்னைப் பார்த்தார். வழக்கம்போல் தோளுக்கு மேலாக அல்ல, நேராக முகத்தை. பிறகு தலையாட்டிவிட்டு உள்ளே போனார். நான் மகளைக் கிளப்பிக்கொண்டு முன்னால் போய்விட்டேன்.

சபை மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் வெள்ளைத் துணி விரித்த மேஜை மேல் கேக். மஞ்சள் கிரீமில் முல்லைப்பூ போலச் சின்னச் சின்னப் பூக்கள். பாஸ்டர் ஜெபம் செய்துகொண்டிருந்தார். என் மகள் காதோடு வந்து, "அம்மா, எனக்கு அந்த மேல இருக்கிற பூ வேணும்" என்றாள்.

"வேண்டாம் மக்கா. இண்ணைக்குக் கேக்கு வேண்டாம்."

"ஏன்?"

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்த இருநூறு பேரையும் பார்த்தேன். எழுந்து போய்ச் சொல்லிவிடலாம், ஆமென் வருவதற்குள் சொல்லிவிடலாம் என்று மனது அடித்துக்கொண்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

ஆமென் வந்தது. ரிப்பன் கட்டிய கத்தியை மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து பிடித்தார்கள். அப்போது வாசலில் ஆட்டோ நின்றது. சேச்சி வந்தார். நைட்டி, அதன்மேல் ஒரு துண்டு, தலையில் கழற்ற மறந்த பிளாஸ்டிக் தொப்பி. நடு வழியில் நேராக நடந்து மேடைக்குப் போனார்.

"வெட்டாதீங்கோ. யாரும் தொடப்பிடாது."

கணக்கு டீச்சர் ஓடி வந்தார். "என்ன சேச்சி? என்னாச்சு?"

"இதுல குப்பிச்சில்லு ஒண்ணு விழுந்திருக்குமோண்ணு எனக்கு சம்சயம். கண்ணாடி."

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "விழுந்திருக்குமோவா? இருக்கா, இல்லியா? அதைச் சொல்லுங்கோ" என்றார்.

"தெரியாது."

"தெரியாமலா இப்பிடி வந்து நிக்குதிய?"

"தெரியாதுண்ணுதானே வந்தேன்" என்றார் சேச்சி. மேஜையைவிட்டு நகரவில்லை.

பின்னாலிருந்து யாரோ மலையாளத்தில், இவருக்கு வட்டாணோ என்று கேட்டார்கள். பைத்தியமா என்று. சிரிப்பு எழுந்தது. மேல் அடுக்கை மட்டும் எடுத்துவிட்டால் போதுமே, அடியில் ஒன்றும் இருக்காதே என்று ஒருவர் சமாதானம் சொன்னார். இன்னொருவர், படத்துக்காக வெட்டிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்றார். மண்டபம் அந்தப் பக்கமாகச் சாய்வது தெரிந்தது. சேச்சி என்ன நினைத்தாரோ, இரண்டு கையையும் மணிக்கட்டுவரை கேக்கில் அழுத்தினார். மேலிருந்து கீழ்வரை. மூன்று அடுக்கும் சரிந்தது. இனி யாரும் அதை வெட்டித் தின்ன முடியாது.

பெண் அழுதாள். கணக்கு டீச்சர் என்ன பேசினார் என்று எழுத எனக்கு மனமில்லை. சேச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒரு பெரிய பாத்திரம் கேட்டு வாங்கி, கேக்கை ஒரு துணுக்கு விடாமல் வழித்தெடுத்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். நான் மூன்றாவது வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் மதில் வழியாகப் பார்த்தேன். முற்றத்துக் குழாயடியில் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு சல்லடையோடு உட்கார்ந்திருந்தார்கள். கேக்கைக் கைப்பிடி கைப்பிடியாகத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் டிப்போ சட்டையைக்கூட மாற்றவில்லை. மஞ்சளாகத் தண்ணீர் ஓடி வாழைக்குப் போனது. நான் அவர்கள் முற்றத்துக்குள் போய் நின்றேன்.

"கெடைச்சுதா?"

"இல்ல" என்றார் சேச்சி. "கடைசிப் பாத்திரமாக்கும். இதுலயும் இல்லேண்ணா எனக்கு வட்டுதான் டீச்சரே. அவிய சொன்னது சரி."

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். குழாயில் இடித்தது, சத்தம் கேட்டது, கொண்டுவந்து வைத்தது, பழைய உடைப்பு என்று பொய் சொன்னது, எல்லாம்.

திட்டு விழும் என்று நான் எதிர்பார்த்தேன். சேச்சி சல்லடையைக் கீழே வைத்துவிட்டு, "உங்க சிங்கில நோக்கினியளா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று பேரும் என் வீட்டுக்கு மாடியேறினோம். அவர் கணவர் சிங்குக்கு அடியில் படுத்து வளைந்த குழாயைக் கழற்றினார். அதில் தேங்கியிருந்ததை ஒரு தட்டில் கொட்டினோம். முடி, சோற்றுப்பருக்கை, கடுகு. சேச்சி விரலால் அளைந்து ஒரு சில்லை எடுத்தார். கப்பின் விளிம்பில் வைத்தார். பொருந்தியது.

"காலத்த இருந்துது. அந்திக்கு இல்ல" என்றார். "நான் சொன்னது சரியாக்கும். என் விரலு பொய் சொல்லல்ல." அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததே இல்லை. சிரித்தேவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எதுக்கு டீச்சரே சொல்லல்ல?"

"பயந்துட்டேன்."

"நீங்களுமா?" உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "உங்களுக்குப் பேடி இல்லண்ணாக்கும் நான் நெனச்சிட்டிருந்தேன்." பிறகு கேட்டார். "பிள்ளைக்கு அந்தக் கேக்கைக் கொடுத்திருப்பியளா?"

மகளிடம் வேண்டாம் என்று சொன்னதைச் சொன்னேன். சேச்சி சில்லைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலை அவர் கணவர் மதிலருகே பல் தேய்த்துக்கொண்டு நின்றார். "நேத்து இவ விடியவரைக்கும் ஒறங்கினா டீச்சரே" என்றார். "நானாக்கும் ஒறங்கல்ல. மூச்சு உண்டாண்ணு நோக்கிட்டே கெடந்தேன்."

சேச்சி எப்போதும்போல் பேசினார், எப்போதும்போல் மகளுக்குப் பன் கொடுத்தார். ஆனால் ஒண்ணும் ஆகாதில்லியா என்று அதற்குப்பிறகு என்னிடம் அவர் ஒருதடவைகூடக் கேட்கவில்லை. மதிலுக்கு அப்புறம் அமைதியாக இருக்கும்போதெல்லாம் கைவேலையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பேன்.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினார்.

"அப்பம் அந்த அம்மா அவ்வளவு ஏச்சும் கேட்டு நிக்கும்போ, நீங்க உக்காந்து பாத்திட்டு இருந்தியளா?"

"ஆமா டீச்சர்."

அதன்பிறகு வெகுநாள் வருகைப் பதிவேட்டைக் கேட்பதற்குத் தவிர அவர் என்னிடம் பேசவில்லை. இரண்டு மாதம் சேச்சிக்கு ஒரு கேக் வேலைகூட வரவில்லை. சந்தேகம் வந்தால் தன் கேக்கையே உடைக்கிற பெண், நம்பி வாங்கலாம் என்று பிறகு பேச்சு வேறு விதமாகத் திரும்பியது. ஒருநாள் கணக்கு டீச்சர் மகளோடு சேச்சி வீட்டுக்கு வந்திருப்பதை மாடியிலிருந்து பார்த்தேன். கல்யாணக் கேக்குக்குத்தான். மறுநாள் பள்ளியில் என் மேஜைமேல் பத்திரிகையை வைத்தார்.

"இது நானா தாறதில்ல. டீச்சரையும் விளிக்கணும், இல்லேண்ணா செய்யமாட்டேன்ணு சேச்சி சொல்லியிட்டாவ."

கல்யாணத்தன்று மண்டபத்தின் கடைசி வரிசையில் சேச்சி பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். கேக்கை வெட்டினார்கள். தட்டுகள் வரிசை வரிசையாகப் போயின. கிழவர்கள் தின்றார்கள், கைக்குழந்தையின் வாயில் ஒருத்தி கிரீமைத் தடவினாள். ஒவ்வொரு வாயாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ இருமினார்கள். என் மகள் கூட்டத்துக்குள் புகுந்து ஒரு துண்டு வாங்கி, அங்கேயே நின்று தின்றுவிட்டு, இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினாள்.

சேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கைதான் நடுங்குகிறது என்று ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.